நாகஜோதி பேரில் ஆறு மணி நேரம்

கருடமேடு எஸ்டேட்,
9 ஜூன் 2025

அன்புள்ள தம்பி பாண்டீஸ்வரனுக்கு,

அக்கா நலம். நீயும் ஜெயக்கொடியும் பிள்ளைகளும் சௌக்கியமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மூட்டையைத் தொடாதே என்று ஒரு டாக்டர் சொன்னால் ஊரே கேட்கிறது, தம்பி மட்டும் கேட்க மாட்டான். பூண்டு மண்டியில் சுமை தூக்க ஆள் இருக்கும்போது உனக்கென்ன அவசரம்?

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆறு படுக்கையில் நாலு படுக்கை காய்ச்சல்காரர்கள். நான், நர்ஸ் பிரின்சி, ஜீப் ஓட்டும் ஒச்சாண்டி, இவ்வளவுதான் எங்கள் ஆஸ்பத்திரி என்று உனக்குத் தெரியும். செல்போன் டவர் மறுபடியும் படுத்துவிட்டது. எஸ்டேட் ஆபீஸ் போனில் பேசினால் கிளார்க்குகள் நாலு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். அதனால் பழையபடி கடிதம்தான். மலை பஸ் கண்டக்டர் சுரேஷ்கண்ணன் சின்னமனூரில் தபால்பெட்டியில் போட்டுவிடுவார்.

உனக்கு ஒரு வேலை. மருத்துவக் கவுன்சிலில் என் பதிவை வரும் ஜனவரிக்குள் புதுப்பிக்க வேண்டும். டாக்டர்கள் படிப்பை மறந்துவிடக் கூடாது என்று ஐந்து வருடத்துக்கு முப்பது மணி நேரம் வகுப்பில் உட்காரச் சொல்கிறார்கள். மதுரையில் ஒரு மருத்துவர் சங்கம் ஜூலை பதின்மூன்றாம் தேதி வகுப்பு வைத்திருக்கிறது. ஆறு மணி நேரம். என் பெயரைப் பதிந்துவிடு. ஓ.டி.பி. உன் போனுக்குத்தான் வரும். அது பத்து நிமிடத்தில் செத்துப்போகும், நம் கடிதம் போய்ச்சேர நாலு நாள் ஆகும். ஆகவே எனக்குப் பதிலாக எல்லாப் பொத்தானையும் நீயே அமுக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
நாகஜோதி


வடுகபட்டி,
14 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். வீட்டில் அனைவரும் சுகம். கால் வலி, நீ விசாரித்ததும் பயந்து பாதி குறைந்துவிட்டது. மலைக்குளிரில் உன் சளி எப்படி? கம்பளியை அலமாரியில் மடித்து வைத்து அழகு பார்க்காமல் போர்த்திக்கொள்.

பெயர் பதிந்தாயிற்று. பதியும்போது கவுன்சில் பக்கத்தில் உன் வரலாறு முழுவதும் தெரிந்தது. நீ வாங்கியது இருபது மணி நேரம். இன்னும் பத்து வேண்டும். அதுவல்ல விஷயம். அந்த இருபதும் 2021, 2022 இரண்டு வருஷத்தில் வாங்கியது. அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. இந்த மூன்று வருஷத்தில் நான் உனக்காக நாலு தடவை பெயர் பதிந்திருக்கிறேன். நாலு தடவையும் நீ போகவில்லை. "நீங்கள் வராதது வருத்தமளிக்கிறது" என்று என் போனுக்குத்தான் செய்தி வருகிறது. யார் யாரோ என்னிடம் வருத்தப்படுகிறார்கள்.

ஏன் அக்கா? பள்ளிக்கூடத்தில் காய்ச்சலோடு பரீட்சைக்குப் போனவள் நீ. பதிவு போய்விட்டால் நீ மாத்திரை எழுதக்கூட முடியாது. நீ போவதற்கு முன்னால் அந்த மலையில் இரண்டு வருஷம் டாக்டரே இல்லை, ஆட்களைக் கம்பளியில் கட்டித் தூக்கி வந்தார்கள் என்று நீதான் சொன்னாய். மறுபடியும் அந்த நிலைமை வரவா?

மதுரைக்கு வா. பேருந்து நிலையத்தில் நான் நிற்கிறேன். ஜெயக்கொடி மீன்குழம்பு வைப்பதாகச் சொல்கிறாள்.

தம்பி,
பாண்டீஸ்வரன்


கருடமேடு,
22 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

சளி விட்டுவிட்டது. கம்பளியும் போர்த்தியாயிற்று. நீங்கள் எல்லோரும் சுகம் என்று படித்து மகிழ்ச்சி. பெரியவன் பிளஸ் ஒன்னில் என்ன பிரிவு எடுத்தான் என்று எழுதவே இல்லையே?

நீ அனுப்பிய பூண்டு வந்தது. பல் நல்ல பருமன். பிரின்சிக்குப் பாதி கொடுத்தேன், ஊறுகாய் போடுகிறாள். இங்கே அட்டைக்கடி அதிகம். கீழ் லைன் வீட்டில் ஒரு பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை, இரண்டும் நல்ல எடை. பெயர் வைக்கச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

பதின்மூன்றாம் தேதி வர முடியாது. பதிலுக்கு ஒரு டாக்டர் கேட்டேன், மேனேஜர் வைகுண்டராஜ் தேடிப் பார்த்துக் கையை விரித்துவிட்டார். பிரின்சியிடம் விட்டுவிட்டு வா என்பாய். அது சரிப்படாது. பாதையும் மழையில் மோசம். பெயரை நீக்கிவிடு. ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஜெயக்கொடியிடம் மீன்குழம்புக்கு என் பங்கை உனக்கே கொடுக்கச் சொன்னதாகச் சொல்.

அக்கா


வடுகபட்டி,
16 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பெரியவன் கணக்கும் கம்ப்யூட்டரும் எடுத்திருக்கிறான். பூண்டு உரிக்கிற மெஷின் கண்டுபிடிக்கப் போகிறானாம்.

போன வாரம் மண்டிக்கு மலைப்பூண்டு வாங்க ஒரு டாக்டர் வந்தார். பெயர் ஞானசிகாமணி. வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்தவர் பேச்சை நிறுத்தவில்லை. கதண்டுக் குளவி, தேனீ கொட்டுவதைப் பற்றி அவ்வளவு சொன்னார். உன் மலையில்தான் கதண்டு ஜாஸ்தியாயிற்றே, உனக்கு ஆகும் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், சிரிக்காதே.

கொட்டின இடம் வீங்கினால் பெரிய பயமில்லை. கொட்டாத இடம் தடித்தால், குரல் கம்மினால், வாந்தி வந்தால், தலை சுற்றினால் அதுதான் ஆபத்து. அப்போது நின்று யோசிக்கக் கூடாது. அட்ரினலின் ஊசி, பெரிய ஆளுக்கு அரை மில்லி, தொடையின் நடுவில் வெளிப்பக்கமாக. அவசரத்துக்குச் சேலைக்கு மேலேயே குத்தலாம். டாக்டர் வரட்டும் என்று ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நேரத்தில்தான் ஆள் போகிறது. ஐந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொன்று. அப்புறம் ஆளை உட்கார வைத்து நன்றாக மூச்சு விடச் சொல்ல வேண்டும். ஊசி போட்டதால் கெட்டவர்கள் அபூர்வம், போடாததால் போனவர்கள்தான் அதிகம்.

இவ்வளவுதான். ஜெயக்கொடி கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறாள். பிரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை.

தம்பி


கருடமேடு,
28 ஜூலை 2025

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். கருவாடு வந்ததை எஸ்டேட் முழுக்கத் தெரிந்துகொண்டது. கால் வலிக்கு நான் எழுதிக் கொடுத்த பயிற்சியைச் செய்கிறாயா?

உன் குறிப்பைப் படித்தேன். சிரிக்கவில்லை. இதே விஷயத்தை நான் மூன்று வருடமாக பிரின்சிக்கு எழுதிக் கொடுக்கப் பார்க்கிறேன். நான் எழுதினால் அது பாடப்புத்தகமாகிவிடுகிறது, பாதியில் கிழித்துப் போட்டுவிடுகிறேன். நீ பூண்டு தரம் பிரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். அதுதான் வேண்டும்.

ஒரே ஒரு தப்பு. தலை சுற்றி மயங்குகிற ஆளை உட்கார வைக்கக் கூடாது. தட்டையாகப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். மூச்சு மட்டும் திணறினால்தான் சாய்ந்து உட்காரலாம். மயக்கத்தில் இருக்கிறவரை நிமிர்த்தினாலே உயிர் போகலாம். உன் டாக்டர் இதைத் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார். நீதான் விட்டிருப்பாய்.

உன் குறிப்பைப் பெரிய அட்டையில் எழுதி, திருத்தத்தைச் சிவப்பு மையில் போட்டு, ஊசி அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பிரின்சி ஒரு தடவை வாசித்தாள். பிறகு வெளியே போய் மழையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

டாக்டர் ஞானசிகாமணியின் முகவரி அனுப்பு. நன்றி எழுத வேண்டும், இன்னும் சில கேள்விகளும் இருக்கின்றன.

அக்கா


வடுகபட்டி,
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம், உன் நலத்துக்கு வேண்டுகிறோம். பயிற்சி தினமும் செய்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

அந்த டாக்டர் அப்புறம் மண்டிப் பக்கம் வரவில்லை. முகவரி வாங்க மறந்துவிட்டேன். பூண்டு தீர்ந்தால் வருவார். ஆடி மாதம், யாவாரம் மந்தம். வேறு விசேஷமில்லை.

தம்பி


கருடமேடு,
20 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நேற்று தபாலில் ஒரு சான்றிதழ் வந்தது. ஜூலை பதின்மூன்றாம் தேதி மதுரையில் நடந்த வகுப்பில் டாக்டர் நாகஜோதி ஆறு மணி நேரம் கலந்துகொண்டதாகப் போட்டிருக்கிறது. அன்றைக்கு நான் இங்கே ஓர் ஆளின் முதுகில் கட்டி கீறிக்கொண்டிருந்தேன்.

மதுரைக்குப் போன அந்த நாகஜோதி யார்?

அக்கா


வடுகபட்டி,
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமாக இருக்கிறாயா?

போனது நான்தான். பெயரை நீக்கவில்லை. பதின்மூன்றாம் தேதி காலை போன் மணி அடித்து, "இன்று உங்கள் வகுப்பு, இந்த க்யூ.ஆர். படத்தைக் காட்டினால் போதும்" என்றது. நீ வராவிட்டால் பதிவு போய்விடும் என்ற பயம் ஒரு மாதமாக எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரலாம் என்று கல்யாண வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாசலில் ஒரு பெண் போனில் இருந்த படத்தை மெஷினில் காட்டி, ஒரு பையும் பேனாவும் கழுத்தில் மாட்ட அட்டையும் கொடுத்தாள். என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. உன் பெயர் தெரியாதபடி அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டில் பக்கத்திலிருந்த டாக்டர், வாயுத் தொல்லைக்கு உங்கள் ஊரில் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார். பழக்கதோஷத்தில் பூண்டு என்று சொல்லிவிட்டேன். மேஜையே சிரித்தது. நல்ல நகைச்சுவை உணர்வு உள்ள டாக்டர் என்று ஒருவர் கை கொடுத்தார்.

சாப்பிட்டதும் நானும் நழுவியிருக்க வேண்டும். ஆனால் கையெழுத்துப் போட்ட டாக்டர்கள் பாதிப் பேர் எனக்கு முந்தி நழுவிவிட்டார்கள். ஏலம் கேட்க வந்தவன் பாதியில் எழுந்து போனால் சரக்கை யாருக்குக் கொடுப்பது? மேடையில் ஒரு அம்மா தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தே பாடம் நடத்தினார். நானும் விடாமல் எழுதினேன். அந்தக் கதண்டுப் பாடம் அதுதான். ஞானசிகாமணி என்று யாரும் இல்லை. உட்கார வைக்க வேண்டும் என்றது என் சொந்தச் சரக்கு, அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது.

கடைசியில் ரப்பர் தொடை ஒன்றில் ஊசி போடச் சொன்னார்கள். நானும் போட்டேன். அந்த அம்மா, "உங்க கை நடுங்கவே இல்ல டாக்டர், நீங்க இருக்குற ஊரு குடுத்து வச்சது" என்றார். அதுவரைக்கும் எனக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டதும் வெட்கமாகிவிட்டது. அது உனக்குச் சேர வேண்டிய சொல். நீ அந்த நாற்காலியில் இருந்திருக்க வேண்டும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தலை நிமிரவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி,
பாண்டீஸ்வரன்


வடுகபட்டி,
30 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. நீ சுகமாக இருப்பதாகக் கண்டக்டர் சுரேஷ்கண்ணனிடம் ஆள் விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "டாக்டரம்மா நல்லா இருக்காக, தபால் மட்டும் குடுக்கல" என்றாராம்.

இங்கே எல்லோரும் நலம். பூண்டு ஐந்து கிலோ அனுப்பியிருக்கிறேன். கோபமென்றால் திருப்பி அனுப்பு, அப்படியாவது ஒரு பதில் வந்த மாதிரி இருக்கும்.

உன் தம்பி


கருடமேடு,
12 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பி பாண்டீஸ்வரனுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். பூண்டைத் திருப்பவில்லை, பாதியைத் தின்றுவிட்டோம். ஜெயக்கொடியும் பிள்ளைகளும் சுகம்தானே?

கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு ஆள் என் முன்னால் மூச்சுக்குத் தவிக்கும்போது, நான் படித்ததாகச் சான்றிதழ் சொல்லும் ஆறு மணி நேரம் வடுகபட்டியில் உன் தலைக்குள் இருக்கும், என் கைக்குள் இருக்காது. இது உனக்குத் தெரியாதா? கவுன்சிலுக்கும் சங்கத்துக்கும் எழுதினேன். அன்று நான் வரவில்லை, அந்த ஆறு மணி நேரத்தை நீக்கிவிடுங்கள் என்று. நீக்கிவிட்டதாகப் பதில் வந்துவிட்டது. உன் பெயரை எழுதவில்லை. பிழைத்துப் போ.

ஆனால் இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. ஏன் போகவில்லை என்று ஜூனில் கேட்டாய். நான் மழை, பாதை, மேனேஜர் என்று என்னென்னவோ எழுதினேன். உண்மையை இப்போது சொல்கிறேன்.

2022 நவம்பரில் கோயம்புத்தூரில் இரண்டு நாள் வகுப்பு. பிரின்சி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளிடம் விட்டுவிட்டுப் போனேன். இரண்டாம் நாள் கொழுந்து பறிக்கிற காட்டில் கதண்டுக் கூடு கலைந்து சுப்புத்தாயைக் கொட்டிவிட்டது. ஒச்சாண்டியின் மனைவி. ஊசி அலமாரியில் இருந்தது. டாக்டர் சொல்லாமல் அந்த ஊசியைப் போட பிரின்சிக்குப் பயம். ஆபீஸ் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் போனை அணைத்துப் பையில் வைத்துவிட்டு, சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒச்சாண்டியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினான். பதினோராவது வளைவில் அவள் போய்விட்டாள்.

யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒச்சாண்டி காரியம் முடிந்து நாலாம் நாள் ஜீப்பை எடுக்க வந்துவிட்டான். மூன்று வருடமாக அந்த வளைவு வரும்போது அவன் வண்டியை மெதுவாக்குவான், நான் மறுபக்கம் பார்ப்பேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. இனி மலையைவிட்டு ஒரு ராத்திரிகூட நகர மாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்காகப் பதிவே போனாலும் போகட்டும் என்றுகூட இருந்தேன். எவ்வளவு முட்டாள்தனம் என்று உனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

அந்த அட்டையை ஒட்டினதிலிருந்து வியாழன்தோறும் பிரின்சிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தலையணையைத் தொடையாக வைத்துக்கொள்வோம். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அரை மில்லி, நடுத்தொடை என்கிறாள். போன வியாழன் ஒச்சாண்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே வந்து அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தான். சிவப்பு எழுத்தில் வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டான்.

"நான் அன்னைக்கு அவள நிமித்தி உக்கார வச்சுத்தான் கொண்டு போனேன், டாக்டரம்மா" என்றான்.

அவன் கண்ணில் படும் என்பதை யோசிக்காமலே அதை எழுதி ஒட்டிய என்னை நானே வெறுத்தேன். ஊசி போடாததுதான் காரணம், நீ உட்கார வைத்தது இல்லை என்று சொன்னேன். நான் இங்கே இருந்திருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது, அழுகையோடு வந்துவிட்டது. பிரின்சியும் அழுதாள்.

அவன் மட்டும் அழவில்லை. "எனக்கும் தெரியல, அந்தப் பிள்ளைக்கும் தெரியல, நீங்களும் இல்ல. இப்பத் தெரியுதுல்ல. எனக்கும் சேத்துச் சொல்லிக் குடுங்க. ஜீப்புல நாந்தான இருக்கேன்" என்றான். அப்புறம் தலையணையை எடுத்துக் கீழே போட்டு, காலை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று கேட்டான். எல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கிளம்பும்போதுதான், "நீங்க படிக்கப் போகாம இருக்கீகன்னு மேனேஜர் சொன்னாக. எங்களுக்காகன்னா வேணாம். போயிட்டு வாங்க" என்றான்.

நவம்பர் 15, 16 மதுரையில் அவசர சிகிச்சைப் பயிற்சி நடக்கிறது. இரண்டு நாள், பத்து மணி நேரம். என் பெயரைப் பதி. இந்தத் தடவை நாகஜோதியே வருவாள்.

அக்கா


வடுகபட்டி,
18 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தை மண்டியில் நின்று வாசிக்க முடியவில்லை. குடோனுக்குள் போய் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். பூண்டு நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியான இடம்.

எனக்குச் சொல்லியிருக்கலாம் அக்கா. நானும் கேட்க வேண்டிய விதத்தில் கேட்கவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

பெயர் பதிந்தாயிற்று. ராத்திரி தங்க ஜெயக்கொடியின் சித்தி வீடு மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் வாசல் வரைக்கும்தான் வருவேன். உள்ளே என்னை யாருக்காவது அடையாளம் தெரிந்து வாயுத் தொல்லைக்கு மருந்து கேட்டால் வம்பு.

தம்பி


கருடமேடு,
20 நவம்பர் 2025

அன்புள்ள தம்பி பாண்டீஸ்வரனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பதை நேரிலேயே பார்த்துவிட்டதால் இந்தத் தடவை விசாரிப்பு கிடையாது. உன் முழங்காலையும் தொட்டுப் பார்த்தாயிற்று. நீ பயிற்சி எதுவும் செய்யவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

வகுப்பு நன்றாக இருந்தது. நான் சரியென்று நினைத்துக்கொண்டிருந்த இரண்டு விஷயங்கள் இப்போது மாறிவிட்டன. பதினான்கு வருடமாக ஒரே மாதிரி பிடித்துவந்த, தொண்டைக்குள் மூச்சுக்காகச் செலுத்தும் குழாயை வேறு மாதிரி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். சிறுபிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் நாள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது மட்டும் போனை ஒரு தடவைக்கு இரண்டு தடவை திறந்து பார்த்தேன். போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன். அது அடிக்கவில்லை. உனக்குக் கதண்டுப் பாடம் நடத்திய அம்மாவும் பாடம் எடுக்க வந்திருந்தார். ஜூலையில் கடைசிவரை உட்கார்ந்து எழுதிய டாக்டரை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "மறக்க முடியுமா, அப்படி ஒரு மாணவர்" என்றார். அவர் பூண்டு வியாபாரி, என் தம்பி என்று உண்மையைச் சொன்னேன். இனிமேல் வாசலில் ஆளைப் பார்த்து உள்ளே விடச் சொல்கிறேன் என்றார். போகும்போது உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

சின்னமனூரிலிருந்து ஒச்சாண்டி ஜீப்பில் கூட்டி வந்தான். பதினோராவது வளைவில் நிறுத்தட்டுமா என்று கேட்டான். நிறுத்து என்றேன். இறங்கி நின்றோம். நீ கொடுத்துவிட்ட அதிரசத்தில் ஆளுக்கு ஒன்று தின்றோம். சுப்புத்தாய்க்கு அதிரசம் என்றால் உயிர் என்று அவன் சொன்னான். எனக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்து சேரும்வரை அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். நான் மருந்து எழுதும் தாள்தான், கீழே என் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கின்றன. "வடுகபட்டி பூண்டு மண்டி பாண்டீஸ்வரன் ஆறு மணி நேரம் முழுவதும் உட்கார்ந்து கேட்டார், கேட்டதில் ஒன்று தவிர மற்றதைச் சரியாக எழுதினார்" என்று சான்று கொடுத்திருக்கிறேன். இதை எந்தக் கவுன்சிலும் ஏற்காது. மண்டியில் மாட்டி வைத்து யாருக்காவது மருந்து சொன்னாய் என்று கேள்விப்பட்டால் நானே வந்து கிழிப்பேன்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் முதலில் நோயாளிப் பதிவேட்டைத்தான் எடுத்தேன். பிரின்சி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு குறைப்பட்டாள். "ரெண்டு நாளும் ஊசிய மேல்கோட்டுப் பையிலயே வச்சிருந்தேன் டாக்டர். ஒரு கொசுகூட ஒழுங்கா கடிக்கல." பதிவேட்டில் அவள் எழுத்து குண்டு குண்டாக இருந்தது. சனிக்கிழமை: காய்ச்சல் மூன்று, காலில் முள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை: யாரும் வரவில்லை. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, ஒரு வரி சேர்த்திருந்தாள்: டாக்டர் மதுரைக்குப் படிக்கப் போயிருக்கிறார்.

அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஜெயக்கொடிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. காலை நீட்டி மடக்கு, தினமும்.

உன் அக்கா,
நாகஜோதி